அரசியலமைப்பைக் கற்கும் வழி



நம் நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் எந்நாளில் ஏற்கப்பட்டது என்று கேட்டால், உங்களுள் எவரும் தயங்காது விடை கூறுவீர்கள். 1949ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் ஏற்கப்பட்டது. 1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் முழு நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் அதில் 395 பிரிவுகளும் 8 அட்டவணைகளும் இருந்தன. அதன் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் அம்பேத்கர். இவையெல்லாம் தேர்வுக்கு உதவும் செய்திகள். அறிந்திருக்க வேண்டிய செய்திகளுங்கூட. ஆயினும், இவற்றை மனப்பாடம் செய்தவர் அரசியலமைப்பை அறிந்தவர் ஆகிவிடுவாரா? ஒரு வீட்டின் கதவிலக்கத்தை அறிந்தவர் அவ்வீட்டினுள் வாழ்ந்தவர் ஆகிவிடமாட்டார்.

கல்லூரியில் அரசியல் பாடம் கற்பிப்பவன் நான். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் மாணவரிடம், "அடிப்படை உரிமைகளுள் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்பேன். சொல்லிவிடுவார்கள். "அந்த உரிமைக்கு எல்லை உண்டா? அந்த எல்லையை வகுத்தவர் யார்? வகுத்தபோது மறுத்துப் பேசியவர் யார்?" என்று தொடர்ந்து கேட்பேன். வகுப்பில் அமைதி நிலவும். மாணவர்மீது குறை சொல்வதற்கில்லை. பாடநூல் முடிவுகளைத் தருகிறது. அம்முடிவுகளுக்கு இட்டுச்சென்ற வாதங்களைத் தர அதற்கு இடமில்லை. அவ்வாதங்களைத் தேடிப் படிக்கும் வாய்ப்பு நெடுங்காலம் மிகச் சிலர்க்கே இருந்தது. இன்று அது கணினியோ கைப்பேசியோ உள்ள எவர்க்கும் வாய்த்திருக்கிறது. அவ்வாய்ப்பை எவ்வாறு பயன்கொள்வது என்பதே இன்றைய என் பேச்சின் பொருள்.

ஆட்சியின் விதிகளை மக்கள் கண்முன் வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்வது எப்படி, எவர்க்குத் தகுதி உண்டு, கணக்குக் காட்டாதவர்க்கு என்ன நேரும் என்பவற்றையெல்லாம் அவை விரித்துரைக்கின்றன. அத்தகுதிகளைக் கூர்ந்து படித்தால் வேறொன்றும் புலப்படும். 35 முதல் 70 வரையிலான வயது, வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி ஆகியவை வேண்டப்பட்டன. ஊரில் வாழ்ந்த பெரும்பாலோர்க்கு அக்குடத்தில் ஓலையிட இடமில்லை. நம் அரசியலமைப்பின் 326ஆம் பிரிவோ வயது வந்த குடிமக்கள் அனைவர்க்கும் வாக்குரிமையைத் தந்தது. தொடக்கத்தில் 21 ஆக இருந்த வாக்களிக்கும் வயது, 61ஆம் திருத்தத்தால் 1989ஆம் ஆண்டில் 18 ஆகக் குறைந்தது. பெருமையையும் குறையையும் ஒருங்கே காட்டுவது மூலம். பிறர் சொல்லக் கேட்டால் பெருமை மட்டுமே காதில் விழக்கூடும்.

கல்வெட்டைப் படிக்க உத்தரமேரூருக்குச் செல்ல வேண்டும். அரசியல் நிர்ணய சபையின் விவாதங்களைப் படிக்க முன்பெல்லாம் பெரிய நூலகங்களுக்குச் செல்ல வேண்டியிருந்தது. 12 தடித்த தொகுதிகள் அவை. 1946ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் கூடிய அச்சபை 11 கூட்டத் தொடர்களில் 165 நாள்கள் அமர்ந்தது. அவற்றுள் 114 நாள்கள் வரைவை ஆராய்வதிலேயே கழிந்தன. ஏழாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட திருத்தங்கள் அனுப்பப்பட்டு, அவற்றுள் 2,473 சபையில் முன்மொழியப்பட்டன. அத்தனை பேச்சும் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

எங்கெங்கே கிடைக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, சட்டத்தின் வாசகம். மைய அரசின் சட்டமியற்றுத் துறை தன் தளத்தில் அரசியலமைப்பைப் பல மொழிகளில் வைத்துள்ளது. தமிழும் அவற்றுள் ஒன்று. இரண்டாவது, விவாதங்கள். நாடாளுமன்றத்தின் மின்னூலகத்தில் நிர்ணய சபை விவாதங்களும் பின்வந்த நாடாளுமன்ற விவாதங்களும் உள்ளன. பெங்களூருவிலுள்ள சட்டம் மற்றும் கொள்கை ஆய்வு மையம் நடத்தும் தளம் ஒன்றில், நிர்ணய சபை விவாதங்களை நாள்வாரியாகவும் பிரிவுவாரியாகவும் தேடிப் படிக்கலாம். 1928ஆம் ஆண்டின் நேரு அறிக்கை போன்ற முன்னோடி ஆவணங்களும் அங்கே உண்டு. மூன்றாவது, தீர்ப்புகள். உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புத் தொகுதிகள் 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் இ-எஸ்.சி.ஆர். என்னும் பெயரில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சில தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. நான்காவது, நடைமுறையிலுள்ள மைய, மாநிலச் சட்டங்கள். இவை 'இந்தியா கோடு' என்னும் அரசுத் தளத்தில் தொகுக்கப்பட்டுள்ளன.

வாசகம், விவாதம், தீர்ப்பு, சட்டம் ஆகிய இந்நான்கையும் தனித்தனியே படித்தால் அலுப்புத் தட்டும். ஒரு வினாவைக் கையில் பிடித்துக்கொண்டு நான்கிற்குள்ளும் நுழைந்து பாருங்கள்; அரசியலமைப்பு உயிரோடு எழுந்து நிற்கும். மாணவர்களாகிய உங்களோடு நேராகத் தொடர்புடையதும், நம் மாநிலத்திலே தோன்றி நாட்டையே தொட்டதுமான ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். கல்லூரியில் இடம் தருவதற்குச் சாதியை ஓர் அளவாகக் கொள்ளலாமா?

1950ஆம் ஆண்டில் அன்றைய சென்னை மாநிலத்தில் மருத்துவக் கல்லூரி இடங்களும் பொறியியற் கல்லூரி இடங்களும் வகுப்புவாரி அரசாணையின்படி பகிர்ந்தளிக்கப்பட்டன. இவ்வாணை மரபு நீதிக்கட்சி ஆட்சிக் காலமான 1921ஆம் ஆண்டிலே தொடங்கியது. 1950இல் நடைமுறையிலிருந்த கணக்கு இது: ஒவ்வொரு 14 இடங்களுள் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, ஆணையில் அரிசனர் என்று குறிக்கப்பட்டோர்க்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் இந்தியக் கிறிஸ்தவர்க்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. தலைமுறை தலைமுறையாகக் கல்வியின் வாயில் அடைபட்டிருந்த வகுப்பினர்க்கு இவ்வாணை வாயிலைத் திறந்தது. அதே ஆணை, தம் மதிப்பெண்ணை மட்டும் நம்பி வந்த வேறு சிலர்க்கு வாயிலை ஒடுக்கியது. இரு தரப்பிலும் இளைஞரின் வாழ்வு அடங்கியிருந்தது என்பதை மறவாமல் மேலே செல்வோம்.

மருத்துவக் கல்லூரியை நாடிய செண்பகம் துரைராஜனும், பொறியியற் கல்லூரியை நாடிய சி. ஆர். சீனிவாசனும் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவர்கள் சுட்டியது அரசியலமைப்பின் 29ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவை. அரசு நடத்தும் அல்லது அரசின் நிதியுதவி பெறும் கல்வி நிலையத்தில் மதம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு எந்தக் குடிமகனுக்கும் இடம் மறுக்கலாகாது என்பது அதன் கருத்து.

இவ்விடத்தில் நில்லுங்கள். தீர்ப்புக்குப் போகுமுன் விவாதத் தொகுதியைத் திறந்து, இந்த உட்பிரிவு எவ்வாறு பிறந்தது என்று பாருங்கள். 1948ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியான வரைவில் இது 23ஆம் பிரிவாக இருந்தது. அங்கே 'குடிமகன்' என்னும் சொல் இல்லை. 'சிறுபான்மையினர்' என்னும் சொல்லே இருந்தது. சிறுபான்மையினர்க்கு அரசுக் கல்வி நிலையங்களில் பாகுபாடு காட்டலாகாது என்பதே வரைவின் நோக்கம். 1948ஆம் ஆண்டு டிசம்பரில் பண்டித தாகூர்தாஸ் பார்கவா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். சிறுபான்மையினர்க்கு மட்டும் தரப்பட்ட பாதுகாப்பைக் குடிமக்கள் அனைவர்க்கும் விரித்து, நிதியுதவி பெறும் நிலையங்களையும் அதனுள் அடக்கினார். சபை அதனை ஏற்றது. உரிமையை அகலப்படுத்துவதே அன்றைய எண்ணம். ஆனால் அந்த ஒரு சொல் மாற்றமே பின்னர் வகுப்புவாரி ஆணையை வழக்குமன்றத்தில் நிறுத்தியது. 'சிறுபான்மையினர்' என்ற சொல்லே நிலைத்திருந்தால் செண்பகத்தின் வழக்கு இவ்வடிவில் எழுந்திருக்க முடியுமா? இந்த வினாவை எந்தப் பாடநூலும் உங்களிடம் கேட்டிராது. மூலத்தைப் படிப்பவர்க்கு அது தானாகவே எழும்.

அதே தொகுதியில் ஒரு வாரம் முன்னே செல்லுங்கள். 1948ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், அரசுப் பணிகளில் சம வாய்ப்பைப் பற்றிய பிரிவு ஆராயப்பட்டது. அது இன்றைய 16ஆம் பிரிவு. அதன் நான்காம் உட்பிரிவு, பிற்பட்ட வகுப்பினர்க்குப் பணியிடங்களை ஒதுக்க அரசுக்கு இடமளிக்கிறது. 'பிற்பட்ட' என்பதற்கு வரையறை என்ன என்று உறுப்பினர் பலர் கேட்டனர். சென்னை மாகாணத்திலிருந்து சென்றிருந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி, சொற்கள் தெளிவின்றி இருப்பதாகக் குறை கூறினார். அம்பேத்கர் விடையிறுத்தார். அனைவர்க்கும் சம வாய்ப்பு வேண்டும் என்பாரும், ஆட்சியில் இதுவரை இடம் பெறாதவர்க்குத் தனி வாய்ப்பு வேண்டும் என்பாரும் ஆகிய இரு சாராரின் கருத்தையும் இணைப்பதே வரைவுக் குழுவின் முயற்சி என்றார். ஒதுக்கீடு இடங்களுள் சிறுபகுதியளவில் நிற்க வேண்டும் என்றும், வரம்பு மீறப்பட்டதாக எவரேனும் கருதினால் நீதிமன்றத்தை நாடலாம் என்றும் விளக்கினார். பணிகளைப் பற்றி இத்தனை வாதம் நடந்து, விதிவிலக்கும் எழுதப்பட்டது. கல்வி நிலையங்களைப் பற்றிய பிரிவில் அத்தகைய விதிவிலக்கு எதுவும் எழுதப்படவில்லை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தீர்ப்புகளுக்கு வருவோம். சென்னை உயர் நீதிமன்றம் 1950ஆம் ஆண்டு ஜூலையில் ஆணையைச் செல்லாது என்றது. அரசு மேல்முறையீடு செய்தது. 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு அம்முடிவை உறுதிசெய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எஸ். ஆர். தாஸ். அது நீண்ட தீர்ப்பன்று. கல்லூரி மாணவர் ஒரே அமர்வில் படித்துவிடலாம். நலிந்த பிரிவினரின் கல்வியைப் பேணுமாறு பணிக்கும் 46ஆம் பிரிவை அரசு தனக்கு அரணாகக் காட்டியது. அப்பிரிவு அரசுக்கு வழிகாட்டும் நெறிகளுள் ஒன்று. அந்நெறிகள் அடிப்படை உரிமைகளுக்கு உட்பட்டே நடக்க வேண்டும் என்றது நீதிமன்றம். பணிகளுக்கு 16ஆம் பிரிவில் உள்ள விதிவிலக்கு 29ஆம் பிரிவில் இல்லாமையையும் நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. சற்றுமுன் உங்களை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன வேறுபாடு இதுவே.

செண்பகம் கல்லூரிக்கு உண்மையில் விண்ணப்பித்ததாக அவருடைய பிரமாணப் பத்திரத்திலிருந்து தெரியவில்லை என்பதையும் தீர்ப்பு குறிப்பிடுகிறது. கேட்டறிந்தபோது இடம் கிடைக்காது எனத் தெரிந்தது என்பதே அவர் கூற்று. அரசு அதனை ஒரு தடையாக எழுப்பவில்லை. வழக்கில் அவர் வென்றால் ஓர் இடம் ஒதுக்கவும் அது இசைந்திருந்தது. ஆகவே வழக்கு நடந்தது. பிறர் எழுதும் சுருக்கங்களில் இத்தகைய நுட்பங்கள் நழுவிவிடும், அல்லது ஒரு சாராரின் கருவியாக உருமாறும். தீர்ப்பையே படித்தவர்க்கு அவற்றின் அளவும் எடையும் தெரியும்.

தீர்ப்போடு கதை முடியவில்லை. சென்னை மாநிலத்தில் பெரியார் ஈ. வெ. ராமசாமியும் பிறரும் ஆணைக்கு ஆதரவாகக் கிளர்ச்சி நடத்தினர். 1951ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் பிரதமர் நேரு அரசியலமைப்பின் முதல் திருத்த மசோதாவைத் தற்காலிக நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். பேச்சுரிமை, நிலச் சீர்திருத்தம் பற்றிய மாற்றங்களும் அதில் அடங்கியிருந்தன. கல்வியைப் பற்றிய மாற்றத்துக்குச் சென்னை நிகழ்ச்சிகளே காரணம் என்பதை அவர் தம் உரையில் ஒப்புக்கொண்டார். பொதுத் தேர்தலே நடவாத நிலையில், வயது வந்தோர் வாக்கினால் தேர்ந்தெடுக்கப்படாத அவை அரசியலமைப்பைத் திருத்துவது தகுமா என்று அவையிலேயே சிலர் எதிர்த்துப் பேசினர். அந்த எதிர்ப்புரைகளும் ஏட்டில் அப்படியே உள்ளன. அவற்றையும் தவறாது படியுங்கள். திருத்தம் நிறைவேறி 1951ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் சட்டமாயிற்று. 15ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. சமுதாயத்திலும் கல்வியிலும் பிற்பட்ட வகுப்பினர்க்கும், பட்டியல் சாதியினர்க்கும், பழங்குடியினர்க்கும் தனி ஏற்பாடு செய்வதை 29ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு தடுக்காது என்பது அதன் பொருள்.

திருத்தமே செல்லுமா என்ற வழக்கும் எழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில், சங்கரி பிரசாத் வழக்கில், செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். நாடாளுமன்றத்தின் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்ற வினா மட்டும் ஓயவில்லை. 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்ந்து, ஏழுக்கு ஆறு என்ற அளவில், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு இல்லை என்று முடிவு செய்தனர். 15ஆம் பிரிவும் வளர்ந்தது. 2005ஆம் ஆண்டின் 93ஆம் திருத்தம் ஐந்தாம் உட்பிரிவையும், 2019ஆம் ஆண்டின் 103ஆம் திருத்தம் ஆறாம் உட்பிரிவையும் சேர்த்தன. பொருளாதார அளவில் நலிந்தோர்க்கு ஒதுக்கீடு தரும் இந்த ஆறாம் உட்பிரிவை 2022ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மூவர்க்கு இருவர் என்ற அளவில் ஏற்றது. மாறுபட்ட இருவரின் தீர்ப்பும் உடன் வெளியிடப்பட்டுள்ளது.

இந்நெடுந்தொடரிலிருந்து நாம் அறிவது யாது? ஆட்சித்துறை ஓர் ஆணை பிறப்பித்தது. குடிமக்கள் இருவர் அதனை எதிர்த்தனர். நீதித்துறை அரசைத் தடுத்தது. மக்கள் கிளர்ந்தனர். சட்டமன்றத்துறை அரசியலமைப்பையே திருத்தியது. அத்திருத்தமும் நீதித்துறையின் முன் நின்றது. ஒவ்வொரு துறையும் தன் காரணத்தை எழுத்தில், பலரறிய, பெயரிட்டுச் சொன்னது. வல்லார் சொன்னதே சட்டம் என்னும் ஆட்சிக்கும் அரசியலமைப்பின்படி நடக்கும் ஆட்சிக்கும் உள்ள வேறுபாடு இதுதான். 'அதிகாரப் பிரிவினை' என்ற சொல்லை நான் பத்து முறை கரும்பலகையில் எழுதினாலும் விளங்காதது, இத்தொடரை ஒருமுறை மூலங்களிலே படித்த மாணவர்க்கு விளங்கிவிடுகிறது.

என் வகுப்பில் மாணவரை நான்கு குழுவாகப் பிரிப்பேன். ஒரு குழு மனுதாரர். ஒரு குழு அரசு. ஒரு குழு நீதிபதிகள். ஒரு குழு 1951ஆம் ஆண்டின் நாடாளுமன்றம். தமக்கு உடன்பாடில்லாத தரப்பையே ஒவ்வொருவரும் வாதிட வேண்டும் என்பது விதி. இவ்வகைப் பயிற்சியைப் பிற நாடுகளும் கண்டுள்ளன. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதற்பெண் நீதிபதியான சான்ட்ரா டே ஓ'கானர், ஓய்வு பெற்றபின் 2009ஆம் ஆண்டில் ஐசிவிக்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். சிறுவர் இணைய விளையாட்டுகளின் வழியே வழக்கறிஞராகவும் சட்டமியற்றுபவராகவும் இருந்து பார்த்து அரசியலமைப்பைக் கற்க அது உதவுகிறது. விளையாட்டு அமெரிக்க அரசியலமைப்பைப் பற்றியதாயினும், பிறர் நிலையில் நின்று பார்த்துக் கற்கும் முறை நமக்கும் பொருந்தும்.

படிப்பதோடு கேட்கவும் காணவும் இன்று வழியுண்டு. நாடாளுமன்ற நடவடிக்கைகள் சன்சத் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் வருகின்றன. உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் நேரலைக்கு இசைந்து தீர்ப்பளித்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் முதல் அரசியல் சாசன அமர்வுகளின் விசாரணை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பாகிறது. இவற்றைக் காண்போர்க்கு ஓர் எச்சரிக்கை. விசாரணையில் நீதிபதி கேட்கும் கேள்வி அவருடைய முடிவு ஆகாது. வாதத்தைச் சோதிக்கவே பல கேள்விகள் எழுகின்றன. அரை நிமிடத் துண்டொன்றை வெட்டி எடுத்து, "நீதிமன்றம் இப்படிச் சொல்லிவிட்டது" என்று பரப்புவோர் உண்டு. தீர்ப்பு வரும்வரை பொறுத்திருப்பதும் குடிமைப் பண்புகளுள் ஒன்று.

இணையம் தரும் நன்மையோடு அதன் தீமையையும் சொல்லாவிடில் என் கடமை நிறைவேறாது. ஏட்டில் இல்லாத பேச்சுகள் பெரியோர் பெயரில் நாள்தோறும் உலவுகின்றன. அரசியலமைப்பில் இல்லாத பிரிவுகள் எண்ணிட்டுக் காட்டப்படுகின்றன. கேட்டதற்கெல்லாம் விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. அவை விளக்கத்துக்கு உதவக்கூடும், சான்றாக ஆகமாட்டா. 2023ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரில் வழக்கறிஞர் சிலர், அத்தகைய கருவியொன்று புனைந்து தந்த, எந்நாளும் நடவாத வழக்குகளை மேற்கோளாக நீதிமன்றத்தில் அளித்தனர். நீதிபதி அவர்களுக்கு 5,000 டாலர் தண்டம் விதித்தார். கற்றறிந்த வழக்கறிஞர்க்கே இவ்வாறாயின் மாணவர் எத்துணை விழிப்போடு இருத்தல் வேண்டும்!

ஆகவே மூன்று பழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள். ஒரு பிரிவின் எண்ணை எவரேனும் சொன்னால், அதன் வாசகத்தை அரசுத் தளத்தில் நீங்களே ஒருமுறை பாருங்கள். அது பின்னர்த் திருத்தப்பட்டதா என்றும் அடிக்குறிப்பில் நோக்குங்கள். ஒரு பெரியவர் சொன்னதாக மேற்கோள் வந்தால், எந்த நாளில், எந்த அவையில் சொன்னார் என்று கேளுங்கள். நாள் சொல்லப்படாத மேற்கோளை நம்பாதீர்கள். ஒரு தீர்ப்பைப் பற்றிக் கேள்வியுற்றால், பெரும்பான்மைத் தீர்ப்பு எது, மாறுபட்ட தீர்ப்பு எது என்று பிரித்தறியுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பைப் படிப்பது பெரும் உதவி. ஐயம் எழும் இடத்தில் ஆங்கில மூலத்தோடு ஒப்பிடுங்கள். அகராதியோடு ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க ஒரு மாலை ஆகலாம். அம்மாலை வீணாகாது.

எல்லோர்க்கும் கைப்பேசியும் இணைய வசதியும் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ஒரு வீட்டில் மூவர்க்கு ஒரு கைப்பேசி என்னும் நிலையை நான் அறிவேன். அத்தகையோர்க்கு ஆசிரியரும் நூலகரும் துணைநிற்க வேண்டும். செண்பகம் துரைராஜன் தீர்ப்பையும், நவம்பர் 30ஆம் நாள் விவாதத்தையும், முதல் திருத்தத்தையும் அச்சிட்டால் ஒரு சிறு கோப்பில் அடங்கும். பள்ளி நூலகத்தில் அக்கோப்பு ஒன்று இருந்தால் போதும்; நாற்பது மாணவர் நாற்பது நாளில் படித்துவிடுவர்.

கற்ற கல்வி ஏட்டோடு நின்றுவிடலாகாது. 18 வயது நிரம்பியோர் தம் பெயர் வாக்காளர் பட்டியலில் உள்ளதா என்று தேர்தல் ஆணையத்தின் தளத்தில் பார்க்கலாம். வேட்பாளர் தம் சொத்தையும், கல்வியையும், தம்மீதுள்ள குற்ற வழக்குகளையும் பிரமாணப் பத்திரத்தில் கூற வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பயன். அப்பத்திரங்களும் அத்தளத்தில் உள்ளன. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அரசு அலுவலகங்களிடம் வினா எழுப்பலாம். சிற்றூரில் வாழ்வோர்க்குக் கிராம சபை உண்டு. அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் அதற்கு இடமளித்தது. ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு அங்கே வாசிக்கப்படும்போது ஒரு மாணவர் எழுந்து ஒரு வினா கேட்டால், அரசியலமைப்பைப் பற்றிய அவருடைய தேர்வில் அதைவிடச் சிறந்த விடை வேறில்லை.

2015ஆம் ஆண்டு முதல் நவம்பர் 26ஆம் நாள் அரசியலமைப்பு நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. அந்நாளில் பள்ளிகளில் முகவுரையை உரக்கப் படிப்பார்கள். படியுங்கள், நல்லதே. அதற்கு முன்னதாக, உங்கள் உள்ளத்தைத் தொடும் ஒரு பிரிவை, ஒன்றே ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவாக இருக்கலாம். உயிரையும் தனிமனித விடுதலையையும் காக்கும் 21ஆம் பிரிவாக இருக்கலாம். வரைவில் அது எப்படி இருந்தது, சபையில் எவர் என்ன பேசினர், நீதிமன்றம் அதற்கு என்ன பொருள் கண்டது, நாடாளுமன்றம் அதன்பின் என்ன செய்தது என்று ஓராண்டு அதனைப் பின்தொடருங்கள். ஒரு பிரிவை இவ்வாறு கற்றவர்க்கு ஏனையவற்றைக் கற்கும் வழி தானே புலப்படும். தம் உரிமை எந்த ஏட்டில், எந்த வரியில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை அறிந்த குடிமக்களை எவரும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது.